முழங்கால் வீக்கத்தில் கத்தி வைக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து எலும்பு டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் கல்லலில் மளிகைக் கடை வைத்திருப்பவன். உங்கள் தொழிலை உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. என் அக்கா மகனின் காலால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பையனுக்கு அப்போது 15 வயது. கபடியில் விழுந்தான். வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி, அப்புறம் வீக்கம். விழுந்ததால்தான் என்று நாங்களே முடிவுகட்டி மூன்று வாரம் எண்ணெய்க் கட்டுப் போட்டோம். ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்தானே, அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். அது எங்கள் தப்பு.

பிறகு போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். "சீழ் கோத்திருக்கும், திறந்து எடுத்துவிடலாம்" என்று குறுக்கே நாலு விரல் நீளத்துக்குக் கீறினார்கள். சீழ் வரவில்லை. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ஆஸ்டியோசர்கோமா என்று இருந்தது. எலும்புப் புற்று.

சென்னையில் அறுவை மருத்துவர் ஸ்கேன் கவரைப் பிரிக்கும் முன்பே அந்தத் தழும்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் விளக்கினார். கத்தி போன வழியெல்லாம் கட்டியின் செல்கள் சிந்தியிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். கட்டியோடு அந்த வழியையும் தோலோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். பின்னால் கீறப்போகும் கோட்டிலேயே, நெடுக்காக, ஊசியால் சதை எடுத்திருந்தால் ஒரு மெல்லிய கீற்றோடு போயிருக்கும். குறுக்குக் கீறலென்றால் தொடையின் முன்சதை நிறையப் போகும். உள்ளே உலோக மூட்டு வைத்தாலும் அதை மூடச் சதை போதாது, காலை நீட்டப் பலமும் இருக்காது. கடைசி ஆபரேஷனைச் செய்யப்போகிறவரே முதல் ஊசியையும் போட வேண்டும் என்பது இதனால்தான்.

முதலில் பத்து வாரம் போலக் கீமோ. மறுபடி ஸ்கேன். நெஞ்சுக்கும் எடுத்தார்கள், இந்த நோய் நுரையீரலுக்குத்தான் முதலில் போகுமாம். அதன் பிறகு மூன்று வழி சொன்னார். உலோக மூட்டு வைத்துக் காலைக் காப்பாற்றுவது. அவனுக்கு அது சிரமம். தொடையோடு எடுத்துவிடுவது. மூன்றாவதைக் கேட்டதும் அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். முழங்காலையும் கட்டியையும் எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பித் தொடையோடு சேர்ப்பது. கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும், அதில் செயற்கைக் காலை மாட்டிக்கொள்ளலாம்.

கட்டி சுற்றிலும் நல்ல சதையோடு முழுசாக வெளியே வந்துவிட்டால், காலை வைத்துக்கொண்டாலும் எடுத்தாலும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். எனக்கு அதுதான் ஆச்சரியம். காலைக் கொடுத்தால் உயிர் நிச்சயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து வீட்டு முகப்பில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசினோம். திரும்பின காலைப் பார்த்து நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றுகூட ஒரு பெரியவர் கேட்டார். உள்ளேயிருந்து பையன் வந்து, "மாமா, எதுல ஓடலாம்?" என்றான். பத்துப் பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. அடுத்த தடவை டாக்டரிடம் அவனே கேட்டான். கேட்டுவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தான். இப்போது செயற்கைக் காலோடு சைக்கிள் மிதிக்கிறான்.

உங்களிடம் கேட்பது இதுதான். வளரும் பிள்ளை, முழங்கால் பக்கம் வீக்கம், ராத்திரி வலி. எக்ஸ்ரேயில் எலும்பின் மேலுறை தூக்கியோ, கதிர் விரித்த மாதிரியோ தெரிந்தால் கீறாதீர்கள். சீழ் என்று உறுதியாகத் தோன்றினாலும் முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், தொடை எலும்பு முழுவதும் தெரியும்படி. எலும்புக் கட்டிகளையே பார்க்கும் ஒருவருக்கு ஒரு போன் போடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், பாதிப் பேருக்கு அதை இதற்குப் பயன்படுத்தலாம் என்பதே தெரியாது. காரைக்குடியில் காலையில் பல்லவன் ரயில் ஏறினால் மதியம் சென்னை. அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து இருக்கிறது. கட்டு மட்டும் போட்டு, எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன், கல்லல்