சனிக்கிழமை படம்: மே வெஸ்ட்

நண்பர்களே, இந்த வாரம் 1933இல் வந்த ‘ஐம் நோ ஏஞ்சல்’, சனி இரவு 9 மணிக்கு. நாயகி மே வெஸ்ட், வசனமும் அவரே எழுதியது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான கேரி கிராண்ட் கூட இதில் அவருக்கு அடுத்த இடம்தான். சர்க்கஸில் சிங்கத்தின் வாய்க்குள் தலையை விடுகிறவராக வரும் மே வெஸ்ட், கல்யாணம் செய்வதாகச் சொல்லிப் பின்வாங்கிய காதலன் மேல் வழக்குப் போட்டு, எதிர்த்தரப்புச் சாட்சிகளைத் தானே எழுந்து குறுக்கு விசாரணை செய்து திணறடிக்கிறார் பாருங்கள், அந்த நீதிமன்றக் காட்சிக்காகவே உட்காரலாம். நடுவில் கொஞ்சம் இழுக்கும், கறுப்பினப் பணிப்பெண்களைக் காட்டிய விதமும் உறுத்தும். 1934இல் ஹாலிவுட் தணிக்கை இறுகிய அப்புறம் அவரால் இவ்வளவு துடுக்காகப் பேச முடியவில்லை. படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லிங்க் சனி மாலைதான் போடுவேன், அதுவரை ‘லிங்க் எங்கே’ என்று கேட்காதீர்கள்!