துடக்கு வேறு, பச்சை உடம்பு வேறு

அன்புத் தங்கச்சி,

ஹற்றனிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் மருத்துவமாதாக வந்திருக்கிறீர்கள். படிவத்தில் ‘மகப்பேற்றுக்குப் பின்னான காலம்’ என்றிருக்கும். வன்னியில் ஒரு வீட்டிலும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இங்கே புழங்குவது இரண்டு சொல்.

துடக்கு, உங்கள் பக்கத்துத் தீட்டுத்தான். அது முழு வீட்டுக்கும் உரியது. சாமியறை, கோயில் சம்பந்தப்பட்டது. 31ஆம் நாள் வீடு கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்தால் கழிந்துவிடும். பச்சை உடம்பு தாய்க்கு மட்டும் உரியது. பச்சைப்புண் என்கிறோமே, அந்தப் பச்சை. நஞ்சுக்கொடி கழன்ற இடத்தில் கருப்பைக்குள்ளே உள்ளங்கையளவு புண் கிடக்கிறது. அது ஆற ஆறு கிழமை, 42 நாள்.

பிழை நடப்பது இடைப்பட்ட அந்தப் பதினொரு நாளில். “துடக்குக் கழிஞ்சுதுதானே” என்று கிணற்றில் அள்ளவும் வயலுக்கும் விடுவார்கள். ஆகவே துடக்கைப் பற்றிக் கேளாதீர்கள். “பச்சை உடம்புக்காரி எப்பிடி?” என்று கேளுங்கள், மாமியே விபரம் சொல்வா.

உதிரம் படிந்த துணியைப் பார்க்கக் கேளுங்கள். முதல் மூன்று நாலு நாள் சிவப்பு, பத்து நாள் மட்டில் மண்ணிறம், பிறகு வெளிறல். வெளிறினது திரும்பச் சிவந்தாலோ, நாற்றமோ 38 பாகைக் காய்ச்சலோ இருந்தாலோ ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு சானிட்டரி பாட் ஊறி நனைந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

பத்தியத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு) அரைத்து, உள்ளி போட்டு, குளத்து விராலில் வைக்கும் சரக்குக்கறி நல்ல சாப்பாடு. “தண்ணி குடிச்சால் வயிறு வைக்கும்” என்று செம்பை ஒளிப்பதுதான் கெடுதல்: மலம் இறுகித் தையல் நோகும், சலம் கடுக்கும். பாவட்டை, நொச்சி அவித்த வெந்நீரில் குளிக்கட்டும். ஆனால் சிசேரியன் காயத்தில் கொதிக்கக் கொதிக்க அடித்து ஊற்ற விடாதீர்கள்.

‘சன்னி’ என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிவிட்டு வராதீர்கள். வலிப்பு, காய்ச்சல் பிதற்றல், பிள்ளை பெற்றபின் வரும் மனக்குழப்பம் மூன்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். கை கால் இழுத்ததா? அதற்கு முன் தலையிடித்துக் கண் மங்கியதா? உடம்பு சுடுகிறதா? எத்தனை இரவாக நித்திரையில்லை, பிள்ளையைத் தூக்குகிறாளா? எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நூல் கட்டிவிட்டு விடியட்டும் என்றால் சம்மதிக்காதீர்கள்.