சந்தா இனி கைபேசி வழியே

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த மாதம் முதல் சந்தாவைக் கைபேசியிலேயே செலுத்தலாம். கியூஆர் குறியீடு கீழே இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் திரையில் பெறுபவர் பெயர் வரும். அது நம் பொருளாளர் பெயர்தானா என்று பார்த்த பிறகே தொகையை இடுங்கள். 1994இல் ஜப்பானில் பிறந்த இந்தக் கறுப்புக் கட்டங்கள் யாருடையவை என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

திரை பாதியில் நின்றுவிட்டால் பதறி மறுபடி அனுப்ப வேண்டாம். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் போயிருந்தால் பரிவர்த்தனை எண்ணை மட்டும் தெரிவியுங்கள். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, அதைத் திருத்துவது குழந்தை விளையாட்டு.

“பணம் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று யார் அழைத்தாலும் துண்டித்துவிடுங்கள். பணம் பெற அந்த எண் தேவையே இல்லை.

ரொக்கமே வசதி என்னும் மூத்தவர்கள் வழக்கம்போல் நேரில் தரலாம், ரசீது உண்டு.