பில்லில் பத்து விசிட், கேஸ் ஷீட்டில் நான்கு கையெழுத்து

அனுப்புநர்:
உள்நோயாளியின் மகன்,
வில்லிவாக்கம், சென்னை – 600 049.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
(நகல்: பில்லிங் பிரிவு மேலாளர்)

நாள்: 4.12.2024

பொருள்: டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தவற்றைத் திருத்தித் தரவும், செய்யாத சேவைக்கு வாங்கிய ரூ.6,600-ஐத் திருப்பித் தரவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 68 வயதான என் அம்மாவை டெங்குக் காய்ச்சலோடு 14.11.2024 வியாழன் இரவு தங்கள் மருத்துவமனையில் சேர்த்தோம். 19-ஆம் தேதி மாலை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிளேட்லெட் இறங்கிய இரவில் அந்த டூட்டி டாக்டர் தம்பி கண்ணே மூடவில்லை. என் புகாரெல்லாம் எழுத்தைப் பற்றியது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எமர்ஜென்சியில் அதைத்தான் சொன்னோம். அங்கே கையால் எழுதிய தாளில் '8/12' என்று சரியாகவே இருக்கிறது. மாதக் கணக்கைப் பன்னிரண்டின் மேல் போட்டு எழுதுவது டாக்டர்கள் வழக்கமாம். சம்மரி டைப் செய்தவர் எட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்' என்று அடித்துவிட்டார். டாக்டரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் பாலிசி 2021-இல் எடுத்தது. 'முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேஷ்லெஸ்ஸை, அதாவது மருத்துவமனைக்குத் தானே நேரடியாகப் பணம் கட்டுவதை, மறுத்துவிட்டது. அன்று சாயங்காலம் ரூ.87,340 கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்றார்கள். தங்கையின் வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.

திருத்திக் கேட்டால், 'சம்மரி சிஸ்டத்துல லாக் ஆயிடுச்சு சார்' என்றார்கள். மூன்றாம் முறை போனபோது ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, 'சர்க்கரைங்கற வரியையே எடுத்துட்டு வேற சம்மரி போட்டுத் தர்றோம், எடுத்துட்டுப் போங்க' என்றார். உதவுவதாகத்தான் நினைத்துச் சொன்னார் போலும். நான் இருபது வருஷமாகப் பாரிமுனையில் கணக்கு எழுதுகிறவன். பேரேட்டில் தப்பு விழுந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவோம். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். வெள்ளை மை பூசினால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். உண்மையில் இருக்கிற நோயை மறைத்த சம்மரி எனக்கு எதற்கு? நாளைக்கு அதையே காட்டி என்னைத்தான் பொய்யன் என்பார்கள்.

இனி பில். பெரிய டாக்டரின் விசிட் பத்து, ஒன்றுக்கு ரூ.900. நான் அந்த அறையை விட்டு நகரவில்லை. அவர் காலையில் ஒருமுறை வருவார், அவ்வளவுதான். 17-ஆம் தேதி ஞாயிறு, அன்று வரவே இல்லை. கேஸ் ஷீட்டிலும் 15, 16, 18, 19 ஆகிய நாட்களில் அவர் குறிப்பு ஒவ்வொன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் டூட்டி டாக்டர் கையெழுத்து. ஆக நான்கு. கவுன்ட்டரில் இருந்த பெண் மறைக்காமல் சொன்னார்: 'ஒரு நாளைக்கு ரெண்டு விசிட் தானா ஏறிடும் சார்.' டாக்டரின் குறிப்புதான் அந்த ரூ.900-க்கு வவுச்சர். வவுச்சர் இல்லாத ஆறு விசிட்டுக்கு ரூ.5,400.

அடுத்தது நெபுலைசர், எட்டு முறை, ரூ.1,200. அம்மாவுக்கு மூச்சுத்திணறலே இல்லை. மருந்துத் தாளிலும் அது எழுதப்படவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பாட்டிக்குத்தான் வைத்தார்கள். அந்தப் புகை எங்கள் பக்கமும் வந்தது உண்மை. அதற்குமா காசு?

கேஸ் ஷீட் நகல் கேட்டு 20.11.2024 அன்று எழுதிக் கொடுத்தேன். கைக்கு வந்தது 29-ஆம் தேதி. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. ரெக்கார்ட்ஸ் பிரிவில் அப்படி ஒரு விதி இருப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை.

எனவே, எமர்ஜென்சித் தாளைப் பார்த்து, சம்மரியில் 'எட்டு மாதம்' என்று திருத்தி, டாக்டர் தேதியுடன் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிழை மருத்துவமனையுடையது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதமும் வேண்டும். அது இருந்தால்தான் கட்டிய பணத்தை நான் கிளெய்ம் செய்ய முடியும். ரூ.6,600-ஐக் கழித்துப் புது பில்லும், அந்தத் தொகையும் தர வேண்டும்.

பதினைந்து நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், அரசின் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. போனில் கூப்பிட்டுப் பேச வேண்டாம். 'பார்த்துச் சொல்றோம் சார்' என்பதை நான்கு முறை கேட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
உள்நோயாளியின் மகன்

இணைப்பு: எமர்ஜென்சித் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் குறிப்புகள், மருந்துத் தாள், இறுதி பில், இன்சூரன்ஸ் மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள். அசல்கள் என்னிடம் உள்ளன.