தேய்பிறை அஷ்டமியில் ஆற்றுக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டதும் கோலாலம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கோல சிலாங்கூருக்குப் புறப்படுகிறார்கள். பகலில் ஆற்றில் உடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறாலுக்குத் தூண்டில், இரவில் கம்போங் குவாந்தானில் மின்மினி. ஆனால் யாரும் திதி பார்ப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலின் ஏற்றவற்றம் பெரிது; ஆறு இழுக்கிற இழுப்பில் ஈயக்குண்டு தரையில் நிற்காது. பௌர்ணமி என்றால் நிலவொளியில் மின்மினியும் எடுபடாது. தேய்பிறை அஷ்டமி முதல் தசமி வரை நீரோட்டம் அடங்கியிருக்கும், நிலாவும் நள்ளிரவை ஒட்டியே எழும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமி, நவமிதான் இதற்கு வாகான நாள்.

உடாங் காலா மீனைப்போல் இரையைக் கவ்வி விழுங்காது. நீண்ட கிடுக்கிக்காலால் மண்புழுவைப் பற்றி, கொஞ்ச தூரம் இழுத்துப்போய், பிறகே வாயில் வைக்கும். தூண்டில் நரம்பு அசைந்ததும் பிள்ளைகள் வெடுக்கென்று இழுப்பார்கள். புழு காலிலிருந்து நழுவிவிடும். சின்ன முள்ளாகப் போட்டு, ஐம்பது வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு மெல்லத் தூக்கி, கனம் தெரிந்தால் தளர்த்தாமல் ஒரே சீராக மேலே கொண்டுவந்து, நீருக்குள்ளேயே கைவலையில் ஏந்த வேண்டும். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ முட்டை ஒட்டியிருந்தால் அப்போதே ஆற்றில் விட்டுவிடுங்கள். குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும். அதற்காகத்தான் தாய் இறால் முகத்துவாரம் நோக்கி இறங்கி வருகிறது.

ஆற்றோர நிப்பாப் பனை மட்டையில் சிக்கிய நைலான் நரம்பை அறுத்துவிட்டு வருவது பெரும் கொடுமை. கொக்கின் காலில் சுற்றினால் அவிழவே அவிழாது. முடிந்த மட்டும் சுருட்டி எடுத்து வாருங்கள்.

போகும் வழியில் புக்கிட் மலாவாத்தி குன்றில் சாம்பல்நிற லங்கூர் குரங்குகளைப் பார்க்கலாம். குட்டி மட்டும் பொன்னிறமாகத் தாயின் மார்பில் ஒட்டியிருக்கும். இலை தின்னும் வயிறு அவற்றுக்கு, ரொட்டி கொடுக்காதீர்கள்.

இரவுச் சம்பான் படகில் லைஃப் ஜாக்கெட்டின் வார் பிள்ளைகளின் உடம்போடு இறுக்கமாக இருக்கட்டும். பெரெம்பாங் மரத்தில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கித்தான் பெண்ணை அழைக்கின்றன. கைப்பேசி விளக்கைக் காட்டினால் அந்தத் தாளம் குலையும்.

விடுமுறை நாள்களிலாவது, தாங்கள் அச்சிடும் திதியோடு கோல சிலாங்கூரின் ஏற்றவற்ற நேரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்