மியூனிக்கிலிருந்து அம்மாவுக்கு

மியூனிக்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே கடைகளெல்லாம் பூட்டு. நாலரைக்கே இருட்டிவிடுகிறது. சரி, சாவகாசமாக எழுதலாமென்று உட்கார்ந்துவிட்டேன்.

‘பேக்கரியிலா வேலை?’ என்று பெரியம்மா கேட்டார்களாமே. பாதி சரிதான் என்று சொல். ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான். நாம் ஆப்ப மாவில் ஊற்றும் கள்ளிலும் இருப்பது அதுதான். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் 42 கிராம் கட்டியாகவே கிடைக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் வளர்வது அதன் பங்காளி. 30 டிகிரியில் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும்.

அதற்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை, அதாவது மூச்சுக் காற்றைக் கொண்டு செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் குட்டி உறுப்புகளை, பார்ப்பதுதான் என் வேலை. செல்லே மொத்தம் 5 மைக்ரான்தான், வெறும் வெளிச்சத்தில் உள்ளே ஒன்றும் பிடிபடாது. ஷிமோமுரா என்ற ஜப்பானியர் ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்து, 1962இல் எழுதி வெளியிட்ட பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று உண்டு. 2008இல் அவருக்கு நோபல் கிடைத்ததும் அதற்காகத்தான். அந்தப் புரதத்தின் மரபணுவில், ‘மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போ’ என்று சொல்லும் துண்டு ஒன்றை ஒட்டி ஈஸ்ட்டுக்குள் விட்டுவிடுவோம். மிச்சத்தை ஈஸ்ட்டே பார்த்துக்கொள்ளும். அந்தத் துண்டு இன்னொரு பூஞ்சையிலிருந்து வந்தது. 2000இல் இப்படி ஒட்டிக் காட்டிய வெஸ்டர்மனும் நாய்பர்ட்டும் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. சாயம் ஏற்றியும் பார்க்கலாம். ஆனால் சோர்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாவில் சாயம் சரியாக ஏறாது. எனக்குப் புரதம்தான் தோது.

நீல ஒளியைப் பாய்ச்சினால், பள்ளிப் புத்தகத்தில் வரைந்த தனித்தனி முட்டைகள் அல்ல அம்மா, பிழிந்த இடியாப்பம்! செல்லின் ஓரத்தையொட்டிப் பச்சை இழைகள் ஓடும், அறும், மறுபடி ஒட்டும். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் இழைகள் குறைவு. கிளிசரால் மட்டும் கொடுத்தால் அதைப் புளிக்கவைக்க முடியாது, மூச்சுவிட்டுத்தான் பிழைக்கவேண்டும், அப்போது வலை அடர்ந்துவிடும். தாய்ச் செல்லில் குட்டிச் செல் மொட்டு விட்டதுமே ஓர் இழை கழுத்து வழியாக அதற்குள் நுழையும். மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது, தாய் கொடுத்தால்தான் உண்டு.

ஒரே தொல்லை, பார்க்கப் பார்க்கப் பச்சை வெளிறிவிடும். அதனால் இருட்டறையில் அவசர அவசரமாகப் படம் எடுக்கிறோம்.

நல்ல படமாக ஒன்று வாட்ஸப்பில் அனுப்புகிறேன், பெரியம்மாவுக்குக் காட்டு. அப்புறம், மாமா டிசம்பரில் வரும்போது குடம்புளி கொடுத்துவிடு, இங்கே கிடைப்பது வாயில் வைக்கவில்லை. அப்பாவைச் சாயங்காலம் நடக்கச் சொல்.

அன்புடன்,
உன் மகள்