கொழும்பில் பெரஹரா நடத்தும் விகாரை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேரர்களே, நிர்வாகசபை அன்பர்களே,

வெள்ளவத்தையில் வாழும் சைவக் குடும்பத்துப் பெண் நான். பிள்ளையாரைக் கும்பிடாமல் படலை தாண்டியதில்லை. யானையைக் கண்டால் கை தானாகக் குவியும். அந்த உரிமையில், பெரஹரா என்னும் விகாரை ஊர்வலங்களில் நடத்திவரப்படும் யானைகளுக்காக எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஒரு பெரஹரா தொடங்குமுன், பக்கத்து ஒழுங்கையில் நின்ற கொம்பன் யானையை அருகில் பார்த்தேன். மின்குமிழ்கள் தைத்த முகபடாம். முன்கால்கள் இரண்டையும் பிணைத்த சங்கிலி. அது உரசிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. தார் வீதியில் வெயிலின் சூடு இன்னும் ஆறவில்லை. பின்கால்களை மாற்றி மாற்றித் தூக்கிவைத்தது. பாகன் அதன் காலில் முதுகைச் சாய்த்துச் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கவளத்தை உருட்டி நீட்டினார். தும்பிக்கை நுனி ஒரு பருக்கை சிந்தாமல் வாங்கிக்கொண்டது. அங்குசம் அப்போது நடைபாதையோரம் கிடந்தது.

ஊர்வலம் புறப்பட்டதும் அது மறுபடி அவர் கைக்கு வந்தது.

பௌத்தத்தில் யானைக்குள்ள இடத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்தது வெள்ளை யானை. கோசம்பிப் பிக்குகளின் சச்சரவை விட்டுப் புத்தர் தனியே காட்டுக்குப் போனபோது, தன் கூட்டத்தை விட்டு வந்த யானையொன்று தண்ணீரும் பழமும் கொண்டுவந்து தொண்டு செய்தது. அதை யாரும் கட்டி இழுத்து வரவில்லை.

ராஜகிருகத் தெருவில் தேவதத்தன் பகைகொண்டு புத்தர்மேல் ஏவிவிட்ட நாளாகிரி யானையை நினைத்துப் பாருங்கள். வெறிகொண்டு ஓடிவந்த அந்த யானை புத்தரின் மைத்திரிக்கு, அன்புக்கு, பணிந்து, அவருடைய பாதத் தூசியை எடுத்துத் தன் தலையில் தூவிக்கொண்டது. சிலர் தடியாலும் அங்குசத்தாலும் சாட்டையாலும் அடக்குவார்கள், இவரோ தடியின்றி, ஆயுதமின்றி அடக்கினார் என்று ஊர்மக்கள் பாடியதாக, பிக்குகளின் ஒழுக்க நூலான விநய பிடகமே சொல்கிறது. அங்குசம் என்ற சொல் அங்கேயே இருக்கிறது, ஐயா!

சங்கிலி இல்லாவிட்டால் சனத்துக்கு ஆபத்து என்பீர்கள். உண்மைதான். அப்படியானால் அந்த நெரிசலும் பறையொலியும் யானைக்கு ஏற்ற இடமல்ல. எங்கள் கோவில்களில் யானையைக் கட்டிவைப்பவர்களிடமும் இதையே கேட்பேன்.

இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், மிகிந்தலையில் மன்னன் தேவநம்பிய தீசனுக்கு முதலில் உபதேசித்தது யானை அடிச்சுவட்டு உவமையைத்தான். பெரிய சுவட்டைக் கண்டதும் பெரிய கொம்பன் என்று முடிவுசெய்யாதே, யானையைக் காணும்வரை பின்தொடர் என்பது அதன் பொருள். முகபடாமும் விளக்கும் சுவடு மட்டுமே.

அடுத்த பெரஹராவில் தாது வைத்த புனிதப் பேழையை யானைமேல் அல்ல, அலங்கார ஊர்தியில் ஏற்றுங்கள். கண்டிய நடனமும் பறையும் அப்படியே முன்னே செல்லட்டும். நான் வீதியோரம் நின்று கும்பிடுவேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்